உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப்பும் சாளைக் கருவாடும்

பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பையனைக் கூப்பிட்டு, "சவ்வூடு பரவல்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் சொல்வான். செறிவு குறைந்த கரைசலில் இருந்து செறிவு மிகுந்த கரைசலுக்கு, அரைகடத்தும் சவ்வின் வழியாக, நீர் மூலக்கூறுகள் பரவும் நிகழ்ச்சி... ஒரு கமா கூடப் பிசகாது. கூடவே உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப் சோதனையைப் படம் போட்டு, பாகங்களைக் குறித்து, ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் கட்டமும் கட்டிவிடுவான். முழு மார்க்!

இப்போது அதே பையனிடம் இன்னொரு கேள்வி. "உங்க வீட்டு முற்றத்துல சாளைக்கு உப்புப் போட்டு வச்சிருக்காங்களே, கொஞ்ச நேரத்துல பாத்திரத்துல தண்ணி வடிஞ்சு கிடக்கே, அதை யார் ஊத்தினது?"

முழிப்பான்.

இத்தனைக்கும் அவன் இனயத்துக்காரன். குளச்சலுக்கு மேற்கே, தேங்காய்ப்பட்டணத்துக்குக் கிழக்கே, கடலோடு ஒட்டிக் கிடக்கிற ஊர். கருவாட்டு வாசனை இல்லாமல் ஒரு நாள் கூட அவன் வளர்ந்ததில்லை. மீனின் திசுவில் இருக்கிற தண்ணீரை வெளியே இருக்கிற உப்பு இழுக்கிறது. மீனைக் கெடுக்க வருகிற பாக்டீரியாவின் உடம்பில் இருக்கிற தண்ணீரையும் அதே உப்புதான் இழுக்கிறது. அதனால்தான் கருவாடு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. அவனுடைய பாட்டி எழுபது வருஷமாகச் செய்துவருவது சவ்வூடு பரவல். பேரன் நோட்டில் எழுதியிருப்பதும் சவ்வூடு பரவல். ஆனால் இரண்டும் ஒன்று என்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் சொல்லவில்லை. காசு கொடுத்துப் போன டியூஷனும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரை அந்த டியூஷனைப் பற்றித்தான்.

மினிமம் மெட்டீரியல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் படிப்புக்குப் பஞ்சமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். கருங்கல், குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நடந்து பாருங்கள். மாடி வீடு, ஓட்டு வீடு, கார் ஷெட் என்று எங்கே பார்த்தாலும் பெஞ்சு போட்டு டியூஷன். உள்ளே இருந்து வருகிற சத்தத்தைக் கவனியுங்கள். கேள்வி கேட்கிற சத்தம் வராது. ஒப்பிக்கிற சத்தம்தான் வரும்.

இந்த டியூஷன்களில் சில புனிதச் சொற்கள் உண்டு. நோட்ஸ். ஒன் வேர்டு. புக் பேக். இம்பார்ட்டன்ட் கொஸ்டின். ஸ்லிப் டெஸ்ட். இம்போசிஷன். எல்லாவற்றுக்கும் மேலே "மினிமம் மெட்டீரியல்". அதாவது, பாஸ் ஆவதற்கு எவ்வளவு குறைவாகப் படித்தால் போதுமோ அவ்வளவையும் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்த சில பக்கங்கள். இவ்வளவு நேர்மையான பெயர் வேறு எதற்கும் கிடையாது! இதில் புரிதலும் மினிமம்தான்.

டியூஷன் வாத்தியார்களை மட்டும் திட்டினால் அது அரை நியாயம். அவர்கள் கடை வைத்திருக்கிறார்கள். கேட்கிற சரக்கை விற்கிறார்கள். அந்தச் சரக்குக்கு மார்க்கெட்டை உண்டாக்கியது தேர்வு முறை. தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வைத் தமிழ்நாடு நீக்கியபோது அதற்கு நல்ல காரணங்கள் இருந்தன. கிராமத்துப் பிள்ளைகள் நகரத்துக் கோச்சிங்குக்கு ஈடுகொடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு, சுமார் பத்து வருஷம், பிளஸ் டூ மார்க் ஒன்றே வாசல் என்று ஆனது. எந்தப் பாடத்தில் எத்தனை மார்க் கேள்வி வரும் என்று "புளூபிரிண்ட்" வேறு கையில் இருந்தது. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் இதைத் தொழிற்சாலை மாதிரி நடத்திக் காட்டின. பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். இதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வும் போய்விட்டது. ரேங்க் அறிவிப்பு 2017-ல் நின்றது. புதிய பாடநூல்கள் 2018-ல் வரத் தொடங்கின. நல்ல நூல்கள், படங்கள், க்யூஆர் கோடு எல்லாம் உண்டு.

டியூஷன் மட்டும் மாறவே இல்லை. புதிய புத்தகம் வந்தால் புதிய நோட்ஸ் வருகிறது. அவ்வளவுதான்.

உலகம் ஒரு தடவை பரீட்சை வைத்தது

"எல்லாம் சரி, பிள்ளைகள் பாஸ் ஆகிறார்களே?" என்று கேட்கலாம். ஆகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் வருஷா வருஷம் பெருமையாகத்தான் வருகிறது.

ஆனால் ஒரே ஒரு தடவை வெளியார் வந்து வேறு மாதிரி பரீட்சை வைத்தார்கள். பிசா என்று பெயர். பதினைந்து வயதுப் பிள்ளைகள் படித்ததை வாழ்க்கையில் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கிற சர்வதேசத் தேர்வு. அதன் 2009 சுற்றில் இந்தியாவின் சார்பில் இரண்டு மாநிலங்கள் கலந்துகொண்டன. ஒன்று தமிழ்நாடு, இன்னொன்று இமாச்சலப் பிரதேசம். நன்றாகப் படிக்கிற மாநிலங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். 2011 இறுதியில் முடிவு வந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகள் இருந்த பட்டியலில் இரண்டு மாநிலங்களும் கடைசிக்குப் பக்கத்தில்! அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? கேள்விகள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி, அடுத்த சுற்றில் கலந்துகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். தெர்மாமீட்டர் காய்ச்சல் காட்டினால் தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடுகிற வைத்தியம்.

இது இங்கே மட்டும் உள்ள வியாதி கிடையாது. 1950-களின் தொடக்கத்தில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் பிரேசிலில் பாடம் நடத்தினார். ஒளி ஒரு பொருளில் பட்டு எதிரொளிக்கும்போது எந்தக் கோணத்தில் தளவிளைவு அடையும் என்ற விதியை மாணவர்கள் கடகடவென்று சொன்னார்களாம். சரி, அப்படி எதிரொளிக்கிற ஒரு பொருளைக் காட்டுங்கள் என்றால் யாருக்கும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல். அந்தத் தண்ணீர்தான் பாடத்தில் வருகிற "ஊடகம்" என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் படித்த "ஊடகம்" புத்தகத்துக்குள் மட்டுமே இருந்தது.

இனயத்துப் பையனுக்கும் ஜன்னலுக்கு வெளியே அதே கடல்தான்.

பரீட்சை ஹாலுக்கு வெளியே

மனப்பாடத்தை எதிர்த்து எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது "படைப்பாற்றல் போய்விடும், நோபல் பரிசு வராது" என்று. நோபல் பரிசை விடுங்கள். கடற்கரை ஊருக்கு இது உயிர் விஷயம். மூன்றே மூன்று உதாரணம் பார்க்கலாம்.

முதலாவது, ஒக்கி. 2017 நவம்பர் 30. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்து மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட மீனவர்கள் திரும்பவே இல்லை. நாள் கணக்கில் தங்கி மீன் பிடிக்கப் போனவர்களுக்குக் கரையில் சொன்ன எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை? படகுகளில்தான் வயர்லெஸ் இருந்ததே?

பிளஸ் டூ இயற்பியல் படித்த பலருக்கு ஒரு சூத்திரம் ஞாபகம் இருக்கும். நேர்கோட்டில் போகிற ரேடியோ அலை எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கான சூத்திரம். பூமியின் ஆரம், ஆன்டெனாவின் உயரம், இரண்டையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இரண்டு மார்க் கேள்வி. ஆயிரக்கணக்கான பேர் எழுதி மார்க் வாங்கியிருக்கிறார்கள். படகின் ஆன்டெனா 10 மீட்டர் உயரம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பூமியின் ஆரம் 6,400 கிலோமீட்டர். விடை சுமார் 11 கிலோமீட்டர். கரையில் 50 மீட்டர் கோபுரம் இருந்தால் அதற்கு 25 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 36. காற்று மண்டலம் அலையைக் கொஞ்சம் வளைக்கிறது என்று தாராளமாகச் சேர்த்தாலும் நாற்பதைச் சுற்றித்தான் நிற்கும். அதற்கு அப்பால் பூமியின் வளைவே குறுக்கே நிற்கிறது. ஆழ்கடலுக்குப் போனவர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார்கள்.

இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் புயல் நின்றிருக்காது. செத்தவர்கள் மேல் எந்தக் குறையும் கிடையாது. ஆனால் அந்தச் சூத்திரத்தைப் புரிந்து படித்த நூறு பிள்ளைகள் கரையில் இருந்திருந்தால், "இந்த வயர்லெஸ் 40 கிலோமீட்டருக்கு மேல எட்டாதே, அதுக்கு அப்பால இருக்கிறவங்களுக்கு என்ன ஏற்பாடு?" என்ற கேள்வி புயலுக்கு முன்னாலேயே எழுந்திருக்கும். செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை தருகிற ஜெமினி கருவி வந்தது 2019-ல். அதுவும் கேட்க மட்டும்தான் முடியும், பதில் சொல்ல முடியாது. இருவழியும் பேசுகிற டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளுக்குக் கொடுக்கிற திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது. கேள்வி எழுவதற்கு ஒரு சாவு வர வேண்டியிருந்தது.

இரண்டாவது, மணல். 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை இனயத்தில் பெரிய துறைமுகம் அமைக்கக் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தது. ஊர் திரண்டு எதிர்த்தது. பிறகு திட்டம் கோவளம், கீழமணக்குடி பக்கம் நகர்ந்தது, அங்கேயும் எதிர்ப்பு. அந்த நாட்களில் டீக்கடையில் எல்லாரும் பேசியது அறிவியல்தான், பேர் தெரியாத அறிவியல்! அலை கரையில் சாய்வாக வந்து மோதும்போது மணலைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு போகிறது. நடுவில் கல்லைப் போட்டு மறித்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறு பக்கம் கடல் கரையைத் தின்னும். ஓர் ஊருக்குத் தூண்டில் வளைவு போட்டால் பக்கத்து ஊர் ஏன் "எங்களுக்கும் போடு" என்று கேட்கிறது என்பதற்கு விளக்கம் இதுதான். விசையைக் கூறுகளாகப் பிரிப்பது என்று பதினொன்றாம் வகுப்பில் ஒரு பாடம் உண்டு. சாய்வாக வருகிற அலையின் ஒரு கூறு கரையை நோக்கி, இன்னொரு கூறு கரையின் நீளத்துக்கு. டியூஷனில் இதற்குச் சாய்தளத்தில் வைத்த மரக்கட்டை படம் போடுவார்கள். அரை கிலோமீட்டர் நடந்தால் கடலே படம் போட்டுக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது, அதே மணலுக்குள் இருக்கிற தோரியம். மணவாளக்குறிச்சியில் பல பத்தாண்டுகளாகக் கடற்கரை மணலில் இருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட் பிரித்து எடுக்கிறார்கள். கிள்ளியூர் பகுதியில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கிற திட்டப் பட்டியலில் இனயம்புத்தன்துறையின் பெயரும் இருக்கிறது. 2024 அக்டோபரில் நடப்பதாக இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் எதிர்ப்புக்குப் பிறகு தள்ளிப்போனது.

இப்படி ஒரு கூட்டத்தில் போய் உட்காருகிற பட்டதாரி இளைஞனுக்கு "அரை ஆயுட்காலம் வரையறு" என்ற கேள்விக்கு விடை தெரியும். ஆனால் மேடையில் இருக்கிறவர், "தோரியம் இயற்கையா இருக்கிறதுதான், பயப்பட ஒண்ணுமில்லை" என்றால் என்ன கேட்பான்? பக்கத்தில் இருக்கிறவர், "1,400 கோடி வருஷம் கதிர்வீச்சு அடிச்சுக்கிட்டே இருக்கும், எல்லாரும் செத்தோம்" என்றால் என்ன சொல்வான்? வரையறையை மட்டும் படித்தவனால் இருவரையும் நம்பத்தான் முடியும். புரிந்து படித்தவனுக்கு, அரை ஆயுட்காலம் நீளமாக இருந்தால் ஒரு நொடியில் சிதைகிற அணுக்கள் குறைவு என்று தெரியும். அதே சமயம் தோரியம் சிதைந்து உண்டாகிற சேய் தனிமங்கள் வேகமாகச் சிதைகிறவை, அவையும் அதே மணலில் கூடவே இருக்கின்றன என்றும் தெரியும். அவன் எழுந்து கேட்பான்: தோண்டுவதற்கு முன்னால் அளவு எவ்வளவு? எங்கே அளந்தீர்கள்? பிரித்தெடுத்த பிறகு மிச்சம் எங்கே போகும்? தூசி எந்தப் பக்கம் பறக்கும்? இந்த நாலு கேள்விக்கு எந்த மினிமம் மெட்டீரியலிலும் இடம் இல்லை.

தன் ஊர் மேல் யாரோ முடிவு எடுக்கும்போது கேள்வி கேட்கத் தெரியாத தலைமுறையை, மாதாமாதம் ஃபீஸ் கட்டி, பெற்றோரே உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"சாரே, நோட்டுல ஒண்ணும் இல்லியே?"

இப்படி எல்லாம் இல்லாமல் புரிய வைத்துச் சொல்லித் தருகிற டியூஷன்களும் அங்கங்கே உண்டு. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற இளைஞர், ஓய்வு பெற்ற ஆசிரியை, லீவுக்கு வந்த என்ஜினியரிங் மாணவி. எண்ணிக்கை குறைவு. அவர்களுக்கு வருகிற முதல் பிரச்சினை பிள்ளைகளிடம் இருந்து வருவதில்லை. ஒரு மாதம் கழித்து வாசலில் வந்து நிற்கிற அம்மாவிடம் இருந்து வருகிறது.

"சாரே, பிள்ளைக்க நோட்டுல ஒண்ணும் எழுதல்லியே... கொஸ்டின் ஆன்சர் ஒண்ணும் குடுக்கலியா?"

"குடுக்கலாம்மா. முதல்ல விளங்கட்டும்."

"பக்கத்து வீட்டுப் பிள்ளை மூணு பாடம் முடிச்சாச்சு சாரே..."

அடுத்த மாதம் பிள்ளை பக்கத்து டியூஷனுக்குப் போய்விடும். அந்த அம்மாவைக் குறை சொல்வது சுலபம். ஆனால் கணவர் கடலில், கையில் இருப்பது வட்டிப் பணம், பிள்ளை அந்த வீட்டில் முதல் பட்டதாரி ஆக வேண்டியவன். அவள் ரிஸ்க் எடுக்க முடியாது. நோட்டில் எழுதியிருந்தால் கண்ணால் பார்க்கலாம். மண்டையில் விளங்கியதை எப்படிப் பார்ப்பது? அவளுடைய கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்குள் நாலு வாதம் இருக்கிறது.

ஒன்று. "புரிஞ்சு படிச்சா மார்க் வராது." வரும், ஆனால் கொஞ்சம் தாமதமாக வரும். முதல் டெஸ்டில் மனப்பாடம் ஜெயிக்கும். வருஷக் கடைசியில் அது மூட்டை கட்டிவிடும். 2017 முதல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் நீட் எழுதுகிறார்கள். நீட் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு சண்டை. அதில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நடக்கிற அநியாயம் சின்னது இல்லை. ஆனால் ஒரு விஷயம் அப்பட்டமாகத் தெரிந்தது. பொதுத்தேர்வில் அள்ளி அள்ளி மார்க் வாங்கியவர்கள் கேள்வியின் உருவம் கொஞ்சம் மாறியதும் தடுமாறினார்கள். தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும் என்றால் மனப்பாடம் கை நடுங்குகிறது. அதற்கும் பதிலாகச் சந்தை என்ன கொடுத்தது? ஷார்ட்கட் மனப்பாடம்! பழைய கள்ளு, புதுக் கலயம்.

இரண்டு. "மனப்பாடம் இல்லாமல் படிப்பே இல்லை, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் அதுதானே நடந்தது?" உண்மை. ஞாபகம் இல்லாமல் அறிவியல் இல்லை. வாய்ப்பாடு வேண்டும், அலகுகள் வேண்டும், தனிமங்களின் குறியீடு வேண்டும். ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை ஒப்பித்த பையன் நெல் அளந்தான், நிலம் அளந்தான், வட்டி போட்டான். ஒப்பித்தது கைக்கு வந்தது. கடலுக்குப் போகிறவரின் ஞாபகத்தைப் பாருங்கள். கரையில் தெரிகிற கோயில் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரிகிற மலையையும் ஒரே கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் இன்னொரு கோடு பிடித்து, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பாறை இருக்கிறது, அங்கே மீன் இருக்கிறது என்று வைத்திருப்பார்கள். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் இருந்தே. அதுவும் மனப்பாடம்தான். ஆனால் அது ஆய அச்சு வடிவியல்! புரிந்ததை ஞாபகம் வைப்பதும், ஞாபகத்தைப் புரிதல் என்று விற்பதும் வேறு வேறு.

மூன்று. வெளியே மெதுவாகவும் உள்ளே உரக்கவும் சொல்லப்படுகிற வாதம்: "கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சயின்ஸ் ஏறாது, அவங்களுக்கு மினிமம் போதும்." இதுதான் எல்லாவற்றிலும் அசிங்கமான வாதம். எக்கோ சவுண்டரில் ஆழம் பார்க்கிற அப்பாவின் பிள்ளைக்கு எதிரொலிப் பாடம் ஏறாதா? தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். ஒலி போய்த் திரும்ப 0.1 நொடி ஆனால் ஆழம் 75 மீட்டர். ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டியில் போடுகிற வீட்டுப் பிள்ளைக்கு உள்ளுறை வெப்பம் ஏறாதா? ஜீரோ டிகிரி தண்ணீரை விட ஜீரோ டிகிரி ஐஸ் மீனை ஏன் நன்றாகக் காக்கிறது என்று அவனுக்குக் கைக்குத் தெரியும். உருகும்போது ஒவ்வொரு கிராமும் 80 கலோரி வெப்பத்தை மீனிடம் இருந்து உறிஞ்சுகிறது என்பது அதன் பாஷை மாற்றம் மட்டுமே. நகரத்துப் பிள்ளைக்கு லேபில் காட்ட வேண்டியது இவனுக்கு வீட்டிலேயே இருக்கிறது. அதைப் பார்க்க விடாமல் நோட்ஸைக் கொடுத்துக் கண்ணைக் கட்டிவிட்டு, பிறகு "ஏறாது" என்று சொல்வது என்ன நியாயம்?

நான்கு. "புரிய வைக்கிறதுக்கு ஆப் இருக்கே, வாங்கினா போச்சு." இருந்தது! "கான்செப்ட்" என்ற சொல்லையே விளம்பரமாக்கி, வீடு வீடாக வந்து, தவணைக் கடன் எழுதி வாங்கி விற்றார்கள். 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்று பேசப்பட்ட பைஜூஸ் மேல் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. அனிமேஷன் அழகாகத்தான் இருந்தது. ஆனால் வீடியோவிடம் பிள்ளை "ஏன்?" என்று கேட்க முடியாது, பிள்ளையின் முகம் முழிப்பதை வீடியோ பார்க்காது. புரிதலைப் பணக்காரப் பொருளாக மாற்றி, ஏழைக்கு மனப்பாடம் என்று பிரித்துவைப்பதுதான் இதன் கடைசி விளைவு. பழைய காலத்தில் வேதம் ஒருவனுக்கு, வேலை ஒருவனுக்கு என்று பிரித்தது மாதிரி.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சரி, அந்த அம்மா என்னதான் செய்வது? நல்ல டியூஷனைக் கண்டுபிடிக்க அவள் இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. மூன்று சோதனை போதும்.

முதல் சோதனை: அன்றைக்குப் படித்ததைப் பிள்ளை தன் பாட்டிக்கு, புத்தக வார்த்தை இல்லாமல், சொல்லட்டும். பாட்டி "ஓ, அதுவா!" என்றால் பாஸ்.

இரண்டாவது: புத்தகக் கணக்கில் இருக்கிற எண்ணை மாற்றிக் கொடுங்கள். பிள்ளை பயப்படாமல் போட்டால் பாஸ். "இது புக்ல இல்லியே" என்றால் ஃபெயில். ஃபெயில் ஆனது டியூஷன், பிள்ளை இல்லை.

மூன்றாவது, முக்கியமானது: அந்த வாத்தியார் எப்போதாவது "எனக்குத் தெரியாது, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்கிறாரா என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஒரு தடவை கூடச் சொல்லாதவர் என்றால், அவர் வகுப்பில் நல்ல கேள்வியே வருவதில்லை என்று அர்த்தம்.

புரிய வைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "நான் கான்செப்ட் மட்டும்தான் எடுப்பேன், எழுத வைக்க மாட்டேன்" என்ற கர்வம் பணக்கார வீட்டுக்குத்தான் சரிப்படும். பிள்ளை பரீட்சையும் எழுத வேண்டும். விளங்கிய பிறகு எழுதிப் பழக வைப்பது துரோகம் ஆகாது. முற்றத்துக் கருவாட்டில் தொடங்கி ஆஸ்மாஸ்கோப்பில் முடியுங்கள். கடைசிப் பத்து நிமிஷம் ஐந்து மார்க் விடையாக எழுதச் சொல்லுங்கள். அந்த அம்மா நோட்டைப் பார்க்கும்போது அதில் ஏதாவது இருக்கட்டும். அதுவும் அவளுக்குத் தர வேண்டிய மரியாதைதான்.

ஆனால் கடைசியில் ஒன்றை மறக்கக் கூடாது. எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டியூஷன் ஒரு ஒட்டுப் போட்ட சட்டைதான். பள்ளி ஆசிரியர்கள் தனியார் டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவே சொல்கிறது. அந்தப் பிரிவுக்குப் பின்னால் இருக்கிற நியாயம் எளிது. பள்ளிக்கூடத்தில் கிடைக்க வேண்டியதைச் சாயங்காலம் காசுக்கு வாங்க வைக்கக் கூடாது. அரசுப் பள்ளியில் புரிய வைத்துச் சொல்லித்தர முடியாது என்பதும் பொய். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. பிள்ளைகளே சோதனை செய்து, பார்த்ததை எழுதி, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பரீட்சை எழுதினார்கள். கிராமத்துப் பிள்ளைகள்தான், சாதாரண ஆசிரியர்கள்தான். முப்பது வருஷம் நடந்தது. 2002-ல் அரசு அதை மூடியது. ஆனால் முடியும் என்பதற்கு அது சாட்சி. தமிழ்நாட்டிலும் அறிவியல் இயக்கத்தார் 1980 முதல் ஊர் ஊராகப் போய் இதைத்தான் சொல்லிவருகிறார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுகிற பரீட்சையில் மினிமம் மெட்டீரியலுக்கு என்ன வேலை? கேள்வித்தாள் மாறினால் ஒரே வருஷத்தில் டியூஷன் கடைகள் சரக்கை மாற்றிக்கொள்ளும். அவர்கள் வியாபாரிகள், கெட்டிக்காரர்கள்.

அது வரைக்கும், இனயத்தில் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, நோட்ஸ் கொடுக்காமல், உப்புப் போட்ட சாளையை நடுவில் வைத்து, "தண்ணி எங்க இருந்து வந்துச்சு மக்ளே?" என்று கேட்கிற ஓர் அக்காவோ அண்ணனோ இருந்தால், அந்தத் திண்ணையைக் காப்பாற்றுங்கள். முதல் மாதம் மார்க் குறைந்தால் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் யோசிக்கிற பிள்ளைதான் நாளைக்குக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று, "சார், அந்த அளவை எங்க எடுத்தீங்க?" என்று கேட்கும்.